நீலி: ஒரு பெயர் மீதான வழக்கு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கங்களில், வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். தெற்கே இடுக்கியில் மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி வட்டாரத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் இதே நிலைதான். பொய்யாக அழுபவரை ஏச வேண்டி வந்தால் தமிழில் வாய்க்கு வருவது 'நீலிக் கண்ணீர்'. மலையாளத்தில் ஏசினால் 'முதலக்கண்ணீர்'. முதலை உலகம் சுற்றியது. ஐரோப்பிய மொழிகளிலும் அதன் கண்ணீர் உண்டு. நீலியின் கண்ணீர் தமிழுக்கு மட்டுமே சொந்தம்.

ஆனால் நீலி என்ற பெயர் மலையாளத்துக்கு அந்நியமில்லை. அங்கே அது ஒரு செடியின் பெயர், ஒரு யட்சியின் பெயர், வயலில் இறங்கி வேலை செய்த பெண்களின் பெயர். பெயர் எல்லையைக் கடந்திருக்கிறது, வசை கடக்கவில்லை. தமிழில் மட்டும் இந்தப் பெயரோடு கள்ள அழுகை எப்படி ஒட்டிக்கொண்டது? அதற்குக் காரணம் பழையனூர் என்ற ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு. யாருக்கும் பிடிக்காத ஒரு பெண் வாதியாக வந்து, பொய் சொல்லி, வென்று, நீதி சொன்னவர்களையே நெருப்பில் இறக்கிய வழக்கு. அதை இன்றைக்கும் நாம் ரசித்துக் கேட்கிறோம். ஏன் ரசிக்கிறோம் என்பதற்கான விடையும் இந்தப் பெயரின் வரலாற்றில்தான் இருக்கிறது.

அவுரி, அம்மன், அடித்தட்டு

பழந்தமிழில் நீலம் என்பது வானத்தின் நிறம் மட்டுமன்று, கருமையும் அதற்குள் அடங்கும். கரியவன் நீலன், கரியவள் நீலி. வடமொழியிலும் இந்தச் சொல் இருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தது என்ற பஞ்சாயத்து நம் கதைக்குத் தேவையில்லை. நீலச் சாயம் தரும் அவுரிச் செடிக்கும் நீலி என்று பெயர். கேரளத்து வைத்தியசாலைகளில் கிடைக்கும் நீலிபிருங்காதி எண்ணெயை எல்லையின் இருபுறத்துப் பெண்களும் தலைக்குத் தேய்க்கிறார்கள். அதிலுள்ள நீலி இந்த அவுரிதான். பிருங்கம் என்பது கரிசலாங்கண்ணி. முடியைக் கருக்க வைக்கும் செடிக்குக் கரியவள் என்ற பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

செடிக்கு மேலே தெய்வம். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் பாலை நில மறவர் கொற்றவையைப் பல பெயரிட்டு அழைக்கும்போது நீலி என்றும் அழைக்கிறார்கள். வில்லெடுத்து ஆநிரை கவரப் போகிறவர்களுக்கு வெற்றி தருகிறவள் அவள். அகராதிகளிலும் நீலி என்ற சொல்லின் கீழ் அவுரி, கருநிறம், பார்வதி, துர்க்கை ஆகியவற்றோடு பேயும் கொடியவளும் சேர்ந்தே நிற்பார்கள். ஒரே சொல்லின் கீழ் அம்மனும் பேயும் குடியிருப்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. ஊர் எல்லைக்கு உள்ளே இருந்தால் அம்மன், வெளியே சுடுகாட்டில் இருந்தால் பேய். நீலி இரண்டு இடத்திலும் இருந்தவள்.

கேரளத்தில் இந்தப் பெயருக்கு இன்னொரு சுமையும் உண்டு. சாதி பார்த்துப் பெயர் வைத்த காலத்தில் காளி, சக்கி, நீலி போன்ற பெயர்கள் தலித் பெண்களுக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் உரியவையாக இருந்தன. பெயரைக் கேட்டாலே வரப்பில் நிற்கிறவளா, வரப்புக்குக் கீழே நிற்கிறவளா என்று தெரிந்துவிடும். 1954இல் வந்த 'நீலக்குயில்' மலையாளப் படத்தின் நாயகி பெயர் நீலி. உறூப் கதை எழுத, பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கிய படம். பள்ளி ஆசிரியரான நாயர் இளைஞன் அவளைக் காதலித்துக் கர்ப்பமாக்கிவிட்டுச் சாதிக்குப் பயந்து கைவிடுகிறான். பிள்ளையைப் பெற்றுவிட்டு அவள் இறந்துபோகிறாள். அந்த நாயகிக்கு வேறு பெயர் வைத்திருக்க முடியாது. ஆணால் கைவிடப்பட்டவள், கையில் ஒரு பிள்ளை, நியாயம் கேட்க ஒரு மன்றமும் இல்லை: பழையனூர்க் கதையின் எலும்புக்கூடு அப்படியே இங்கே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். இந்த நீலி திரும்பி வரவில்லை.

எழுபது பேர் முன் ஒரு விசாரணை

திரும்பி வந்த நீலியின் ஊர் பழையனூர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபையான திருவாலங்காட்டை அடுத்து இருக்கிறது. கதைக்காகக் கட்டிய ஊரன்று. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்தவை.

பழையனூருக்கு ஒரு வணிகன் வருகிறான். பேயொன்றால் உன் உயிருக்கு ஆபத்து என்று சோதிடம் சொல்லியிருக்கிறது. கையில் ஒரு வாள். அது இருக்கும்வரை பேய் அண்டாது. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடி வருகிறாள். ஊர் நடுவில் நின்று ஓலமிடுகிறாள். இவர் என் கணவர், வேறொருத்தியின் மயக்கத்தில் என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறார், நீங்கள்தான் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறாள். வணிகன் நடுங்குகிறான். இவள் என் மனைவி இல்லை, மனுஷியே இல்லை, பேய் என்கிறான்.

வேளாளர் எழுபது பேர் கூடி விசாரிக்கிறார்கள். பழந்தமிழ் மன்றங்கள் வெறும் பேச்சை நம்பித் தீர்ப்புச் சொன்னவை அல்ல. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை அடிமை என்று கிழவர் உரிமை கொண்டாடிய வழக்கில், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று வகைச் சான்றைப் பெரியபுராணம் சொல்கிறது. வழக்கத்தில் இருந்து வருவது, எழுத்தில் இருப்பது, பிறர் கண்ணால் கண்டது. இந்த அளவுகோலை நீலியின் வழக்கில் வைத்துப் பார்த்தால் அவள் கையில் ஓலை இல்லை. கண்ட சாட்சியும் இல்லை. ஆனால் அவள் பிள்ளையைக் கீழே இறக்கிவிடுகிறாள். அது தவழ்ந்து போய் வணிகனின் மடியேறி அப்பா என்கிறது. ஆட்சிச் சான்று முடிந்தது. ஊமையாய் நின்ற சபை உருகிவிட்டது.

இனி வருவதுதான் இந்தக் கதையின் ஆகச் சிறந்த திருப்பம். இன்றிரவு இருவரும் ஒரே வீட்டில் தங்கட்டும், மற்றதை விடிந்து பார்ப்போம் என்று சபை சொல்கிறது. உடனே நீலி ஒரு மனுப் போடுகிறாள்: கையில் வாளோடு இருப்பவரோடு நான் எப்படித் தங்குவேன், என்னைக் கொன்றுவிடுவாரே, வாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நியாயமான கோரிக்கை! எந்தச் சபையும் ஏற்றுத்தான் ஆகும். வணிகன் கெஞ்சுகிறான். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம் என்று சபை பிணை நிற்கிறது. வாள் கைமாறுகிறது. விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். பெண்ணையும் காணோம், பிள்ளையையும் காணோம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குளிக்கிறார்கள்.

இந்தக் கதைக்குப் பழைய சாட்சியங்கள் உண்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வருகிறது; உரைகாரர்கள் அதை நீலி கதையாகவே கொள்கிறார்கள். உமாபதி சிவத்தின் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம் பழையனூர் வேளாளரின் சொல் தவறாமையைப் போற்றுகிறது. திருவாலங்காட்டில் அந்த எழுபது பேரின் நினைவாக மண்டபம் ஒன்று உண்டு. இவை எல்லாமே எழுபது பேரின் புகழைப் பாடுபவை. அந்தக் கோணத்தில் நீலி ஒரு கருவி மட்டும்தான். வேளாளரின் வாய்மையை உலகுக்குக் காட்ட வந்த நெருப்பு.

கதை கேட்கிறவன் அந்தக் கோணத்தில் கேட்பதில்லை. அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், அவள் பேய் என்று. சபைக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ரசனை குடியிருக்கிறது. சபையில் ஒருவராவது அவள் காலைக் குனிந்து பார்க்க மாட்டாரா, தரையில் பாவுகிறதா இல்லையா என்று ஒரு மனம் தவிக்கிறது. இன்னொரு மனம் அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காது தீட்டுகிறது. அவளை நமக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அகதா கிறிஸ்டி 1925இல் எழுதிப் பின்னர் நாடகமாகவும் படமாகவும் ஆக்கப்பட்ட 'விட்னஸ் ஃபார் த ப்ராசிக்யூஷன்' கதையில், சாட்சிக் கூண்டில் ஏறிக் குளிர்ந்த முகத்தோடு பொய் சொல்லும் மனைவியை லண்டன் பார்வையாளர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். நல்லவள் வாதாடினால் நாம் முடிவுக்குக் காத்திருப்போம். பிடிக்காதவள் வாதாடும்போது ஒவ்வொரு சொல்லையும் எடை போடுகிறோம். கேட்பவனை எழுபத்தோராவது நீதிபதியாக உட்கார வைக்கும் தந்திரம் அது.

கள்ளிதான் சாட்சி

தென் தமிழகத்து வில்லுப்பாட்டு இந்த வழக்கின் முன்கதையைச் சொல்கிறது. அதைக் கேட்டபிறகு எழுபத்தோராவது நீதிபதிக்குத் தூக்கம் போய்விடும்.

முற்பிறவியில் அவள் தாசி குலத்துப் பெண். பூசாரி குடும்பத்து இளைஞன் ஒருவன் அவள் வீட்டில் கையிலிருந்ததையெல்லாம் தொலைக்கிறான். பணம் தீர்ந்ததும் அவள் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். அவன்மேல் உண்மையான அன்பு கொண்ட மகள் நகைகளோடு அவன் பின்னால் போகிறாள். கள்ளிக் காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் நகைக்கு ஆசைப்பட்டுக் கல்லைத் தலையில் போட்டுக் கொல்கிறான். ஆளில்லாத காடு. சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். பின்னர் அவள் நீலியாகவும் அவன் வணிகனாகவும் பிறக்கிறார்கள்.

இப்போது பழையனூர்ச் சபைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளை, கள்ளிக் கொம்பை மாயத்தால் பிள்ளையாக்கியது. சபை அதைப் பொய்ப் பிள்ளை என்று பின்னால் அறிந்து நொந்துபோகிறது. ஆனால் அந்தக் கொலைக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி கள்ளிதான். சாட்சியைத்தான் அவள் சபைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதன் வாயில் வைத்த சொல் பொய். அது அங்கே வந்திருந்தது மெய். அவள் சொன்ன குற்றச்சாட்டும் அப்படித்தான். இவர் என்னைக் கைவிட்டார் என்பது இந்தப் பிறவியில் பொய், போன பிறவியில் அதைவிடக் கொடிய உண்மை. வாளோடு இருப்பவரோடு தங்கினால் கொன்றுவிடுவார் என்று அவள் சொன்னபோது சபையில் இருந்தவர்களுக்கு அது சந்தேகம். அவளுக்கு அது அனுபவம்.

பழையனூரில் தோற்றது விசாரணையின் எல்லை. கண்முன் நடந்ததை மட்டும் விசாரிக்கும் எந்த மன்றமும் இந்த வழக்கில் தோற்கத்தான் செய்யும்.

சுடுகாட்டிலிருந்து வாதமேடைக்கு

நீலியை முதலில் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டவர்கள் சமணர்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யின் நாயகி பழையனூர் நீலியேதான். காளி கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்று தடுத்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்டுவதற்காக, காளி பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். பயமுறுத்திப் பார்த்தும் முனிவர் அசையவில்லை. பேய் அவரிடம் பாடம் கேட்கிறது. அதன்பிறகு அவள் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் என்று ஒவ்வொருவரையும் வாதுக்கு அழைத்து வெல்கிறாள். பத்துச் சருக்கம் கொண்ட இந்த நூலைச் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

அவள் தோற்கடிக்கும் எதிரிகளில் ஒருத்தி குண்டலகேசி, பௌத்தக் காப்பியத்தின் நாயகி. அவள் கதை என்ன? தூக்குக்குப் போகவிருந்த திருடனைக் காதலித்து மீட்டு மணக்கிறாள். அவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகுமுன் உம்மை வலம் வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். அதன்பின் துறவியாகி, நாவல் கிளையை நட்டு வாதம் செய்கிறாள். காதலனால் கொல்லப்பட்டவள் ஒருத்தி, கணவனைக் கொன்றவள் ஒருத்தி. இருவரையும் எதிரெதிரே நிறுத்தித் தத்துவம் பேச வைத்தது தமிழ். ஊர்வாயில் நல்ல பெயர் வாங்காத பெண்களைத்தான் கூர்மையான குறுக்கு விசாரணைக்கு நம் புலவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுருண்ட முடியாள் குண்டலகேசி, கரிய முடியாள் நீலகேசி. இங்கே நீலி வசையாக இல்லை. சபையை ஏமாற்றிய அதே வாய் இப்போது சபைகளை ஏரணத்தால் வெல்கிறது.

சங்கமன் மனைவி

பழையனூருக்கு அப்பால், சிலப்பதிகாரத்தில் இன்னொரு நீலி இருக்கிறாள். கொற்றவையின் பெயராக வருபவள் அல்ல, மானிடப் பெண். பெரும்பாலோர் அவளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிக் கோவலன் ஏன் கொல்லப்பட்டான் என்று கட்டுரை காதையில் விளக்குகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசனும் கபிலபுரத்து அரசனும் பகைவர்கள். கபிலபுரத்துச் சங்கமன் என்ற வணிகன் மனைவியோடு சிங்கபுரத்துக்கு வந்து கடைத்தெருவில் நகை விற்கிறான். அரச சேவகத்தில் இருந்த பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்துக் கொடுக்கிறான். விசாரணை இல்லாமல் சங்கமன் கொல்லப்படுகிறான். அவன் மனைவி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது, அரசனிடமும் ஊராரிடமும் இது முறையா என்று கேட்டுத் திரிகிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. மலையேறி, எங்களுக்கு இந்தத் துயரைச் செய்தவர்கள் இதே துயரை அடையட்டும் என்று சபித்து விழுந்து உயிர்விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான்.

அவள் பெயர் நீலி.

அடுக்கிப் பாருங்கள். வேற்றூருக்கு மனைவியோடு வந்து நகை விற்கும் வணிகன், பொய்க் குற்றச்சாட்டு, விசாரணையற்ற கொலை, தெருவில் நியாயம் கேட்கும் மனைவி, பதினான்கு நாள், மலை. கண்ணகியின் வாழ்க்கை வரிக்கு வரி நீலியின் வாழ்க்கை. வேறுபாடு ஒன்றே ஒன்று. கண்ணகிக்கு அரசவையின் கதவு திறந்தது. மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்று உடைத்துக் காட்டச் சிலம்பு இருந்தது. தன் தவறை உணர்ந்து உயிர்விட ஒரு பாண்டியன் இருந்தான். நீலிக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. கேட்கப்படாத அவள் வழக்கின் தண்டனைதான் கோவலன் மேல் விழுந்தது.

அந்தக் கண்ணகிக்கு இந்த எல்லையோரத்தில் இரண்டு இடங்கள். பாலக்காட்டு நகரில் வடக்கந்தறை திருப்புரைக்கல் பகவதியைக் கண்ணகி என்றே வழிபடுகிறார்கள். பாலக்காட்டின் மூத்தான் சமூகத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் என்றும், கண்ணகி வழிபாட்டைத் தங்களோடு கொண்டுவந்தவர்கள் என்றும் சொல்லி வருகிறார்கள். இடுக்கிக்கும் தேனிக்கும் நடுவே வண்ணாத்திப்பாறை மலையுச்சியில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், மங்கலதேவி கோயில். சிலம்பில் கண்ணகி போன வழியைத் தேடி நடந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அதைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து கதவு திறக்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் உண்டு, தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. கோயில் எந்த மாநிலத்துக்கு என்ற தகராறு இன்னும் தீரவில்லை. வழக்கில் பெயர் பெற்றவளின் கோயிலுக்கும் வழக்கு.

கண்ணகி ஒரு நகரத்தையே எரித்தவள். சாதாரணமாகப் பார்த்தால் பழையனூர் நீலியால் இறந்தவர்களைவிட மதுரையில் இறந்தவர்கள் அதிகம். ஆனாலும் கண்ணகிக்குக் கோட்டம், மெரினாவில் 1968இல் சிலை, 'பூம்புகார்' படத்தில் கைத்தட்டல் வாங்கும் வசனம். நீலிக்கு ஒரு வசைச்சொல். சான்று கையில் இருந்தவள் தெய்வமானாள், சான்று இல்லாதவள் பேயானாள்.

பெயரை எடுத்துவிடும் மன்றம்

எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் உண்மை வழக்கும் இங்கே நினைவுக்கு வரும். 1905இல் கொச்சி அரசில் குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்மீது நடந்த ஸ்மார்த்த விசாரம், அதாவது ஒழுக்கம் தவறியதாகச் சொல்லி நடத்தும் சாதி விசாரணை. இன்றைய பாலக்காட்டு எல்லையில் தமிழர் நிறைந்த சித்தூர் அன்று கொச்சி அரசுக்கு உட்பட்டது. சாவித்திரி என்ற பெயர் நம்பூதிரி வீட்டுப் பேச்சில் தாத்ரியாகும். ஆனால் விசாரணையில் அந்தப் பெயர்கூடக் கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைச் 'சாதனம்' என்றே குறிப்பிடுவது முறை. சாதனம் என்றால் பொருள், சாமான். அந்தச் சாமான் வாய் திறந்து, தன்னோடு தொடர்புகொண்ட அறுபத்து நான்கு ஆண்களின் பெயரை அடையாளங்களோடு சொன்னது. வழக்கத்துக்கு மாறாக அவர்களுக்கும் குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தரப்பட்டது. தப்ப முடியவில்லை. அத்தனை பேரும் அவளோடு சாதிவிலக்குப் பெற்றார்கள்.

தாத்ரியைக் குலம் கெடுத்தவள் என்றவர்களும் உண்டு, பழி தீர்த்த தேவதை என்றவர்களும் உண்டு. லலிதாம்பிகா அந்தர்ஜனம் முதல் மாடம்பு குஞ்ஞுக்குட்டன் வரை மலையாள எழுத்தாளர்கள் அவளைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1994இல் எம்.டி. வாசுதேவன் நாயரின் திரைக்கதையில் வந்த 'பரிணயம்' இந்த விசார முறையைத்தான் கூண்டில் ஏற்றியது. மன்றம் பறித்துக்கொண்ட பெயரை இலக்கியம் திருப்பிக் கொடுத்தது.

கள்ளியங்காட்டு நீலி

நீலிக்கும் மலையாளம் அப்படியொரு கைமாறு செய்திருக்கிறது. வில்லுப்பாட்டு நீலியின் கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டியது, பழைய திருவிதாங்கூர் அரசுக்குள் இருந்தது. அங்கிருந்து கதை வடக்கே நடந்து கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியானது. வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு மயக்கும் அழகி, கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அவளை அடக்கினார் என்று கதை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது நாஞ்சில் நாட்டோடு கள்ளியங்காடும் தமிழ்நாட்டுக்கு வந்தது; தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. காடு இந்தப் பக்கம், காட்டின் பெயர் சொல்லும் யட்சி அந்தப் பக்கம்.

2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கத்தில் வந்த 'லோகா' படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா என்ற பாத்திரம் இந்தக் கள்ளியங்காட்டு நீலிதான். ரத்தம் குடிப்பவள், கூடவே நாட்டைக் காக்கும் நாயகி. பெருந்திரளான கூட்டம் அவளுக்காகக் கைதட்டியது. வேட்டுவ வரியில் வில்லெடுத்தவர்களுக்குத் துணை நின்ற பழைய நீலி வேறு வேடத்தில் திரும்பியிருக்கிறாள்.

தமிழில் அவள் இன்னும் அழுகைக்காரிதான். பெயரின் தடத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தால் போதும்: கரியவள், அவுரி, கொற்றவை, சங்கமன் மனைவி, பழையனூர்ப் பேய், வாதம் வென்ற நீலகேசி. இத்தனையையும் தள்ளிவிட்டு நாம் அன்றாடப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டது பழையனூரின் ஒரே ஒரு காட்சியை, அவள் சபை முன் அழுத காட்சியை. அதிலும் பாதியைத்தான். எழுபது பேரைச் சாகடித்தது பெரிய குற்றம், அதற்கு அவளை மன்னிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் அழுகை பொய் என்று தீர்ப்பெழுதியது கள்ளிக் காட்டை விசாரிக்காத தீர்ப்பு.

நியாயம் கேட்டு அழும் பெண்ணைப் பார்த்ததும் இந்தச் சொல்தான் நம் வாயில் முதலில் வருகிறது. காவல் நிலையத்தில், குடும்ப நீதிமன்ற வாசலில், ஊர்ப் பஞ்சாயத்தில், வீட்டுக் கூடத்தில் வருகிறது. புகார் சொல்பவள் நமக்குப் பிடிக்காதவளாக, வாய்த்துடுக்கானவளாக, முன்னுக்குப்பின் முரணாகப் பேசுபவளாக இருந்தால் இன்னும் வேகமாக வருகிறது. கதையில் அப்படிப்பட்டவளை ரசிக்கத் தெரிந்த நமக்கு, நேரில் அவள் வந்து நின்றால் முழுதாகக் கேட்கும் பொறுமை இருப்பதில்லை. சொல்லை ஒழித்துவிட முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அடுத்த முறை அது நாக்கின் நுனிக்கு வரும்போது, கட்டுரை காதையில் பதினான்கு நாள் தெருவில் நின்று கேட்டவளின் பெயரும் நீலிதான் என்பதை நினைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவள் சொல்வதை ஒருமுறை கடைசிவரை கேளுங்கள். பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.